ஏரித் தீவில் ஒரு பழங் கோயில்

பழமையான கட்டடங்கள் எவ்வாறு நிலைத்து நிற்கின்றன என்று கேட்டால், பேணுவோர் இருந்தமையால் நின்றன என்பதே எவரும் எளிதிற் கூறும் விடையாகும். அரசர் மானியம் அளித்தனர். செல்வர் திருப்பணி செய்தனர். மக்கள் விளக்கேற்றி வழிபட்டனர். ஆதலால் அவை நின்றன என்பர். இவ்விடை பெரும்பாலும் உண்மையே. ஆயினும் வரலாற்றில் இதற்கு மாறான செய்திகளும் உண்டு. செல்வம் பெருகிய இடங்களிற் பழங் கோயில்கள் இடிக்கப்பட்டுப் புதியன எழுந்தன. வறுமை வந்துற்ற இடங்களிலோ, இடித்துக் கட்டப் பொருளின்மையாற் பழையன அப்படியே நின்றன. அத்தகைய ஓரிடம் ஜேர்மனி நாட்டின் தென்னெல்லையில், ஓர் ஏரியின் நடுவே இருக்கின்றது. அதன் பெயர் றைக்கெனாவுத் தீவு.

ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் கரை பகிர்ந்துகொள்ளும் பெரிய நன்னீர் ஏரி கொன்ஸ்ரன்ஸ் ஏரியாகும். அல்ப்ஸ் மலைகளிற் பிறந்துவரும் றைன் நதி இவ்வேரியுட் புகுந்து, மேற்கே வெளிப்பட்டுச் செல்கின்றது. ஏரியின் மேற்குப் பகுதியைக் கீழேரி என வழங்குவர். அக் கீழேரியின் நடுவில், ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் நீளமும் ஒன்றரைக் கிலோமீற்றர் அகலமும் உடையதாய்க் கிடக்கின்றது இத்தீவு. றைக்கெனாவு என்ற சொல்லுக்கு வளமிக்க தீவு என்பது பொருள்.

பண்டைக் காலத்தில் ஓடமேறியே தீவை அடைந்தனர். 1838ஆம் ஆண்டிற் கரையையும் தீவையும் இணைத்து ஓர் அணைவழி அமைக்கப்பட்டது. இருமருங்கும் பொப்லார் மரங்கள் நெடிதுயர்ந்து நிற்கும் அவ்வழியே இன்று செல்வோரை முதலில் எதிர்கொள்வது ஒரு கற்சிலை. தீவிலே மடம் நிறுவிய பிர்மின் என்னும் துறவியின் சிலை அது. அதனைக் கடந்து தீவினுட் புகுந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்கறிப் பாத்திகளும் கண்ணாடி வேய்ந்த பயிர்க் கூடங்களும் காணப்படும். தக்காளி, வெள்ளரி, கீரை வகைகள் என்பன அங்கே செழித்து வளர்கின்றன. இப்பாத்திகளின் நடுவே, சிறியதொரு மேட்டில், ஆரவாரம் எதுவுமின்றித் தாழ்ந்த கூரையும் தடித்த கோபுரமும் கொண்டு நிற்கின்றது ஒரு கோயில். புனித ஜோர்ஜின் பெயரால் விளங்கும் அக்கோயிலின் சுவர்களில் ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஓவியங்கள் உள்ளன.

கோயிலின் கதையைக் கூறுமுன் மடத்தின் கதையைக் கூறுதல் வேண்டும். பிர்மின் இத்தீவிற்கு வந்தது 724ஆம் ஆண்டில். அந்நாளிற் பிராங்கிய இராச்சியத்தில் ஆட்சிப் பொறுப்பைக் கையிற் கொண்டிருந்த சார்ள்ஸ் மார்ட்டெல் என்பவரின் ஆதரவு அவருக்கு இருந்தது. அவர் வந்திறங்கியபோது தீவு பாம்புகளும் நச்சுப் பிராணிகளும் நிறைந்த காடாக இருந்ததென்றும், அவர் கால் வைத்த மாத்திரத்தே அவையனைத்தும் ஏரியிற் பாய்ந்து மூன்று பகலும் மூன்று இரவும் நீந்தி வெளியேறின என்றும் ஒரு கதை வழங்குகின்றது. காடு திருத்திக் கழனியாக்கிய உழைப்பை மக்கள் நினைவு இவ்வாறு கதையாக்கி வைத்தது போலும். பிர்மின் மூன்றாண்டுகளுக்குமேல் அங்குத் தங்கவில்லை; 727இல் அவர் தீவை விட்டு நீங்க நேர்ந்தது. அவர் இட்ட வித்தோ வளர்ந்து பெருமரமாயிற்று.

பெனெடிக்ற் சபை ஒழுங்கைக் கைக்கொண்ட அம்மடம் அடுத்த முந்நூறு ஆண்டுகளில் ஐரோப்பாவின் தலைசிறந்த கல்வி நிலையங்களுள் ஒன்றாயிற்று. சார்ளமேன் பேரரசரின் நம்பிக்கைக்குரியவராய், 811இல் அவருடைய தூதராகக் கொன்ஸ்தாந்திநோபிள் வரை சென்றுவந்த ஹைற்றோ என்பவர் அதன் மடாதிபதியாக இருந்தார். தீவின் நடுவிலுள்ள மரியன்னை பெருங்கோயிலைச் சிலுவை வடிவில் எழுப்பி, 816இல் அபிடேகம் செய்வித்தவர் அவரே.

ஹைற்றோவின் காலத்தையொட்டி இத்தீவில் வரையப்பட்ட ஒரு படம் இன்றும் அறிஞர் உலகிற் பேசப்படுகின்றது. ஏரிக்குத் தெற்கேயுள்ள புனித கோல் மடத்தின் அதிபதி கோஸ்பேர்ட் என்பவருக்காக, ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து இணைத்து, குறைவற்ற ஒரு மடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை விளக்கி வரையப்பட்ட படம் அது. கோயில், துயிற்கூடம், பள்ளிக்கூடம், மருத்துவசாலை, மூலிகைத் தோட்டம், அப்பம் சுடும் சாலை, கோழிக்கூடு என ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் குறிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் இடைக்காலத் தொடக்கத்திலிருந்து எஞ்சியுள்ள பெரிய கட்டட வரைபடம் இதுவொன்றே. இது பிழைத்த வகையோ வியப்புக்குரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒருவர் தோலின் வெறுமையான பின்புறத்திலே புனித மார்ட்டினின் சரித்திரத்தை எழுதி, அதனைப் புத்தகம்போல் மடித்து வைத்தார். படத்தின் அருமை கருதி எவரும் அதனைக் காக்கவில்லை. பின்புறத்து எழுத்தின் பொருட்டே படமும் பிழைத்தது. இத்தகைய தற்செயற் பாதுகாப்பை இத்தீவின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணலாம்.

மடத்தில் நூல்கள் பெருகின. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் றெகின்பேர்ட் என்னும் நூலகர் அவற்றைப் பேணினார். 821ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட அட்டவணையில் நானூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நூலும் ஆட்டுத் தோலிலோ கன்றுத் தோலிலோ கையால் எழுதப்பட்ட அந்நாளில் இஃது ஒரு பெருஞ் செல்வம். இன்னொரு நூலும் குறிப்பிடத் தக்கது. உறவு பூண்ட மடங்களிலே வாழ்ந்தோர், இறந்தோர், ஆதரவளித்தோர் ஆகியோருக்காக மன்றாடும்பொருட்டு, அவர்கள் பெயர்களை 824ஆம் ஆண்டு தொடக்கம் இத்துறவிகள் ஓர் ஏட்டில் எழுதிவந்தனர். தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட அவ்வேட்டில் ஏறத்தாழ 38,000 பெயர்கள் உள்ளன.

இம்மடத்திற் பயின்றவருள் வலாபிரிட் என்பவர் ஒருவர். கண் சற்றே மாறுபட்டிருந்தமையால் அவரை ஸ்ராபோ, அஃதாவது மாறுகண்ணர், என்று அழைத்தனர். இளமையிற் கல்வியின்பொருட்டு வடக்கேயுள்ள புல்டா மடத்திற்கு அனுப்பப்பட்டபோது, ஆங்குக் குளிரில் நடுங்கியவாறு தம் தீவை நினைந்து ஏங்கிக் கவி பாடியவர் அவர். பின்னாளில் அரசகுமாரனுக்கு ஆசிரியராகி, 838இல் இம்மடத்தின் அதிபதியும் ஆனார். தாம் பயிரிட்ட தோட்டத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் அவர் இயற்றிய நூல், சுரை, புதினா, லீலி, ரோசா முதலிய ஏறத்தாழ இரண்டு டசின் செடிகளின் இயல்பையும் பயனையும் பாடுகின்றது. வாசலெங்கும் மண்டிய காஞ்சொறிச் செடிகளைக் களைந்து, கையில் மண் படிய உழைத்தலே தோட்டக் கலையின் தொடக்கம் என்று கூறும் அப்புலவர், 849இல் அரச காரியமாகச் செல்லும் வழியில் லுவார் நதியைக் கடக்கையில் நீரில் மூழ்கி இறந்தார். அவர் நினைவாகப் பெருங்கோயிலின் அருகே இன்று ஒரு மூலிகைத் தோட்டம் வளர்க்கப்படுகின்றது.

இனிப் புனித ஜோர்ஜ் கோயிலுக்கு வருவோம். 888இல் மடாதிபதியான மூன்றாம் ஹற்றோ என்பவர் சிறிது காலத்தில் மைன்ஸ் நகரத்துப் பெருமேற்றிராணியாராகவும் உயர்ந்தார். 896ஆம் ஆண்டில் அவர் உரோமாபுரியிலிருந்தபோது, பாப்பரசர் போர்மோசஸ் அவருக்குப் புனித ஜோர்ஜின் திருப்பண்டங்களை அளித்தார். அவற்றை வைத்தற்காகத் தீவின் கீழ்ப்புறத்தில் எழுந்ததே இக்கோயில்.

இக்கோயிலைப் பற்றிப் பேசும்போது உரோமனெஸ்க் என்னும் சொல் அடிக்கடி எடுத்தாளப்படும். உரோமாபுரிப் பேரரசின் கட்டட முறையைப் பின்பற்றி, வட்ட வளைவுகளும், தடித்த சுவர்களும், சிறிய சாளரங்களும் அமையப் பதினொன்றாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவெங்கும் பரவிய பாணிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் இட்ட பெயர் அது. கண்டிப்பாகக் கூறுமிடத்து, ஹற்றோவின் கோயில் அப்பாணி முழுமை பெறுமுன் எழுந்தது. அதனை அப்பாணியின் முன்னோடி எனல் பொருந்தும். ஒரே தீவில் அப்பாணியின் தொடக்கத்தையும் வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் மூன்று கோயில்களில் வரிசையாகக் காண்பதே றைக்கெனாவின் சிறப்பு.

கோயிலின் வெளிப்புறத்தைக் கண்டு உட்புறத்தை எவரும் ஊகித்தல் இயலாது. வெளியே வெறுஞ் சுவர். மேற்கு வாயிலாற் புகுந்து கண் இருளுக்குப் பழகியதும், நடுமண்டபத்தின் இருபுறமும் தூண்களும் அவற்றின்மேல் வட்ட வளைவுகளும் தோன்றும். கிழக்கே படிகள் உயர்ந்து பலிபீடத்தை நோக்கிச் செல்லும். அதற்குக் கீழே நான்கு தூண்கள் தாங்கும் நிலவறை உண்டு. தூண்களுக்கு மேலே, இருபுறச் சுவர்களிலும், பக்கத்துக்கு நான்காக எட்டுப் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து மடிந்து மடிந்து செல்லும் கோலப் பட்டிகைகள் உள்ளன. எட்டும் இயேசுநாதரின் அற்புதங்களைக் காட்டுவன.

வடக்குச் சுவரில், பேய் பிடித்தவனைக் குணப்படுத்தல், நீர்க்கோவை நோயாளனைக் குணப்படுத்தல், புயலை அடக்குதல், பிறவிக் குருடனுக்குப் பார்வை அளித்தல் என்பனவும், தெற்குச் சுவரில், தொழுநோயாளனைத் தூய்மையாக்கல், நாயின் ஊர்க் கைம்பெண்ணின் மகனை எழுப்புதல், யாயிரின் மகளை எழுப்புதல், இலாசரை உயிர்ப்பித்தல் என்பனவும் காட்டப்பட்டுள்ளன. நோயினின்றும் விடுதலை ஒரு புறம். அதன் எதிரே பெரும்பாலும் இறப்பினின்றும் விடுதலை. மண்டபத்தின் நடுவே நிற்பவன் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றான்.

இவ்வோவியங்களில் ஆழமும் தூரமும் காட்டும் முயற்சி இல்லை. மாந்தரின் பின்னே நிறப் பட்டைகளே வானமாகவும் நிலமாகவும் நிற்கின்றன. கண்ணைக் கவர்வது கைகளே. நீட்டிய ஒரு கரம் கட்டளையிடுகின்றது. மறுபுறத்தில் ஏந்திய கரங்கள் இரக்கின்றன. இக்கை வழக்குகளைக் கொண்டே கதை முழுவதையும் அறியலாம். வடக்குச் சுவரிலுள்ள புயல் ஓவியம் சிறப்பாகக் கருதத் தக்கது. அலைகளிடையே தத்தளிக்கும் படகும், அஞ்சி நிற்கும் சீடரும், காற்றை அதட்டும் நாதரும் அதிற் காணப்படுகின்றனர். பாலஸ்தீன நாட்டிலே கலிலேய ஏரியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் அந்நிகழ்ச்சியை, ஏரி சூழ்ந்த தீவொன்றில் வாழ்ந்தோர் தம் கோயிலிலே தீட்டுவித்தனர். அல்ப்ஸ் மலைகளிலிருந்து திடீரென இறங்கும் சூறைக் காற்றை அறிந்தவர்கள் அவர்கள். வலை வீசச் சென்றவர் திரும்பாத இரவுகளையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு அப்படகு தூரதேசத்துப் படகாகத் தோன்றியிராது.

இவ்வோவியங்கள் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தன என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து; கோயில் கட்டப்பட்ட காலத்தையே அடுத்தன எனக் கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், அல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே அத்துணைப் பழமையான சுவரோவியத் தொகுதி இவ்வளவு நிறைவாக எஞ்சியிருத்தல் மிக அரிது.

அக்காலத்திலே றைக்கெனாவின் ஓவியக் கலை ஏட்டிலும் உச்சநிலையில் விளங்கிற்று. றிரியர் நகரத்துப் பெருமேற்றிராணியார் எக்பேர்ட் என்பவருக்காக ஒரு திருவாசக நூல் எழுதப்பட்டது. அதனை அவர் கையில் அளிக்கும் கெரால்ட், ஹெரிபேர்ட் என்னும் இரு றைக்கெனாவுத் துறவிகளின் உருவமும் பெயரும் அந்நூலின் முகப்பிலேயே தீட்டப்பட்டுள்ளன. பேரரசர் மூன்றாம் ஒற்றோவுக்குரிய சுவிசேட நூலும், பாம்பேர்க் நகரிலுள்ள திருவெளிப்பாட்டு நூலும் இத்தீவின் கலை மரபில் வந்தனவே. பொன்னும் நீலமும் ஒளிரும் அந்நூல்கள் அரசருக்கும் மேற்றிராணியாருக்கும் உரியனவாய்த் தீவை விட்டுச் சென்றன. இன்று அவை றிரியர், மியூனிக், பாம்பேர்க் முதலிய நகரங்களின் நூலகங்களில் உள்ளன. ஏடு பெயர்ந்து செல்லும், சுவர் பெயராது. அதனாற்றான் அக்கலையை அது பிறந்த மண்ணிற் காண விரும்புவோர் இக்கோயிலைத் தேடி வருகின்றனர்.

தீவின் நடுவிலுள்ள பெருங்கோயிலுக்குச் சென்றால், உரோமனெஸ்க் பாணியின் அடுத்த படியைக் காணலாம். மடாதிபதி பேர்னோ என்பவர் அதன் மேற்குப் பகுதியை விரித்துக் கட்டினார். 1048ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், பேரரசர் மூன்றாம் ஹென்றியின் முன்னிலையில் அதற்கு அபிடேகம் நடந்தது. செந்நிறக் கற்களும் வெளிர்நிறக் கற்களும் மாறி மாறி அமைந்த அதன் பெரு வளைவுகள் எளிமையிலே மாட்சி காட்டுவன. அண்ணாந்து நோக்கினாற் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓக் மரக் கூரைச் சட்டங்கள் மறைப்பின்றித் தெரியும். அரசுரிமை இழந்து 888இல் மறைந்த பேரரசர் கொழுத்த சார்ள்ஸ் என்பவர் அடக்கம் செய்யப்பட்டதும் இக்கோயிலிலேயே.

பேர்னோ அபிடேகம் செய்வித்த நாளில் மடத்திலிருந்த துறவிகளுள் ஹேர்மன் என்பவரும் ஒருவர். 1013இற் பிரபு குடும்பமொன்றிற் பிறந்த அவர் கை கால் முடங்கியவர். பிறர் துணையின்றி இருக்கையில் அசையவும் இயலாதவர். பேச்சும் தெளிவாக வாராது. ஏழு வயதிற் கல்விக்காக ஒப்படைக்கப்பட்ட அவரைத் தீவு தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. கணிதம், வானியல், இசை, வரலாறு ஆகிய துறைகளில் அவர் காலத்து அறிஞர் அவரை நாடி வந்தனர். விண்மீன்களின் நிலையளக்கும் அஸ்திரோலாபு என்னும் அராபியக் கருவியை விளக்கி அவர் எழுதிய நூலும், கிறிஸ்து பிறந்த ஆண்டு தொடக்கம் தம் காலம் வரை ஆண்டு முறையாக அவர் தொகுத்த வரலாறும் இன்றும் பயிலப்படுகின்றன. 1054இல் அவர் இறந்தபின், அவர் மாணவர் பேர்தோல்ட் என்பவர் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதி, வரலாற்றையும் தொடர்ந்தார். நடக்க இயலாத ஒருவர் தீவை விட்டு நீங்காமலே வானத்தை அளந்தார் என்பது மடக் கல்வியின் பெருமைக்கு ஒரு சான்று.

தீவின் மேற்கு முனையிலே புனித இராயப்பர் சின்னப்பர் கோயில் உள்ளது. வெரோனா நகரத்து மேற்றிராணியார் எகினோ என்பவர் பதவி துறந்து வந்து 799இல் இங்கே முதற் கோயிலை எழுப்பினார். இப்போது நிற்பது பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் உரியது. உரோமனெஸ்க் பாணி முதிர்ந்த நிலையை இக்கோயிலிலே தெளிவாகக் காணலாம். அதன் கிழக்கு அரைவட்டச் சுவரில், அரியணையில் அமர்ந்த கிறிஸ்துநாதரும் அவரைச் சூழ்ந்த அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் தீட்டப்பட்டிருக்கின்றனர். சுண்ணப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்த அவ்வோவியம் 1900ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. ஆனால் நடுமண்டபத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டினர் தம் காலச் சுவைக்கேற்ப வெண்சுதைக் கொடிகளாலும் பூக்களாலும் அலங்கரித்துவிட்டனர். செல்வமும் புதுமை விருப்பமும் சேர்ந்தவிடத்துப் பழமை எவ்வாறு உருமாறும் என்பதற்கு அம்மண்டபம் ஓர் எடுத்துக்காட்டு.

மற்றைக் கோயில்கள் அவ்வாறு முற்றும் மாறாது நின்றமைக்குக் காரணம் மடத்தின் வீழ்ச்சியே. பிரபு குலத்தவரை மட்டுமே துறவிகளாக ஏற்பது என்ற வழக்கம் மடத்தில் வேரூன்றியிருந்தது. அறிவுடையோர் பலர் வாயிலுக்கு வெளியே நிற்க, குலமுடையோர் சிலர் உள்ளே இருந்தனர். துறவிகளின் தொகை அருகியது, கடன் பெருகியது, நிலங்கள் கைமாறின. 1540இல் மடம் கொன்ஸ்ரன்ஸ் மேற்றிராணியாரின் ஆட்சிக்கு உட்பட்டுத் தன் சுதந்திரத்தை இழந்தது. 1757இல் எஞ்சியிருந்த துறவிகளும் தீவினின்றும் அகற்றப்பட்டனர். 1803இல் மடவுடைமைகள் பாடன் அரசுக்குச் சேர்ந்தன. நூல்கள் கால்றூயே நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இவ்வீழ்ச்சி வருந்தத்தக்கதே. ஆயினும் ஏரியைச் சூழ்ந்த ஊர்களைப் பார்ப்பவருக்கு அதன் மறுபக்கமும் புலப்படும். புனித கோல் மடம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் செல்வச் செழிப்போடு விளங்கிற்று. ஆகவே அதன் பழங் கோயில் நீக்கப்பட்டு, வானளாவும் இரட்டைக் கோபுரங்களோடு புதிய பெருங்கோயில் எழுந்தது. றைக்கெனாவிலோ, பெருங்கோயிலின் கிழக்குப் பகுதி பதினைந்தாம் நூற்றாண்டிற் கோதிக் பாணியில் மாற்றப்பட்டதோடு பெரும் பணிகள் ஏறக்குறைய ஓய்ந்தன. புனித ஜோர்ஜ் கோயிலை இடித்துப் பெரிதாக்கும் ஆற்றல் எவருக்கும் இருக்கவில்லை. சுவர்களுக்கு வெண்சுண்ணம் பூசும் அளவுக்கே பொருள் இருந்தது. அப்பூச்சின்கீழ் இலாசரும் படகும் புயலும் மறைந்தன. மறைந்தமையால், ஒளியும் புகையும் மனிதர் கையும் படாது கிடந்தன.

1880ஆம் ஆண்டையொட்டிப் பூச்சு அகற்றப்பட்டது. நூற்றாண்டுகள் பல கடந்து அவ்வோவியங்கள் மீண்டும் மனிதர் கண்ணிற் பட்டன. அன்று தொடங்கியது இக்கோயிலின் புதிய இடர்.

அவ்விடரைக் கூறுமுன், வடக்குச் சுவரில், தாழ்வான ஓரிடத்தில், பதினான்காம் நூற்றாண்டிற் சேர்க்கப்பட்ட ஒரு சிறு படத்தைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். நான்கு பிசாசுகள் ஒரு மாட்டுத் தோலை விரித்துப் பிடித்திருக்கின்றன. ஒன்று அதில் எதையோ எழுதுகின்றது. மேலே இரு பெண்கள் தம்முட் பேசிக்கொண்டிருக்கின்றனர். பூசை வேளையிற் கோயிலில் வீண்பேச்சுப் பேசுவோரின் சொற்களைப் பிசாசு விடாது எழுதிவைக்கின்றது என்பதும், எழுத ஒரு முழு மாட்டுத் தோலே வேண்டியிருக்கின்றது என்பதும் அப்படத்தின் கருத்து. சொல்லிமாளாத ஒன்றை மாட்டுத் தோலில் அடங்காதது என்று கூறும் வழக்கு ஜேர்மனியர் பேச்சில் இன்றும் உண்டு. பெண்களை மட்டும் குறைகூறியது அக்கால வழக்கம். பேச்சோ இருபாலாருக்கும் பொது. கற்றோருக்காக இலத்தீனும், பெருமக்களுக்காக வட்டார மொழியும் நகைச்சுவையும் ஒரே சுவரில் இடம்பெற்றமை மகிழ்ச்சிக்குரியது.

அன்று கோயிலுக்குக் கேடாகக் கருதப்பட்டது பேச்சு. இன்று கேடாவது மூச்சு. இது மிகைக் கூற்றன்று. நூற்றாண்டுக் கணக்காகச் சிறிதளவு மக்களே வந்துபோன கோயிலுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் பெருந்திரளானோர் வரலாயினர். 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக இம்மடத்தீவு ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2003இல் இத்தீவின் மரபில் வந்த பத்து ஓவியச் சுவடிகளும் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. புகழ் பெருகப் பெருக வருவோரும் பெருகினர். கோடைக்காலத்தில் வாயில் திறக்கும்போதெல்லாம் வெளியிலுள்ள வெப்பமான ஈரக்காற்று உள்ளே புகுகின்றது. தடித்த சுவர்கள் குளிர்ந்தே இருக்கின்றன. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே துளிகள் அரும்புவது போல, அக்காற்றிலுள்ள ஈரம் சுவரிற் படிகின்றது. வருவோரின் மூச்சிலும் உடையிலும் உள்ள ஈரம் அதனோடு சேர்கின்றது. ஈரத்தில் தூசி ஒட்டுகின்றது, பூஞ்சணம் பிடிக்கின்றது, ஆயிரம் ஆண்டு நின்ற நிறம் மெல்ல மெல்லக் கரைகின்றது.

இதனை உணர்ந்தோர் பல்லாண்டுகள் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து ஆராய்ந்தபின், கோடை மாதங்களில் இக்கோயிலைக் குறித்த வேளைகளில், வழிகாட்டியோடு செல்லும் சிறு குழுவினர் மட்டுமே பார்வையிடலாம் என்ற ஒழுங்கை ஏற்படுத்தினர். தூரதேசத்திலிருந்து வந்தவர் சாத்திய கதவைக் கண்டு மனம் சலிப்பதும் உண்டு. ஆனால் காணும் ஆர்வமே காணப்படும் பொருளை அழிக்குமாயின், ஆர்வத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது எவர்க்கும் உடன்பாடாகும். தீவுக்கு வருவோர் வேண்டிய நேரமெல்லாம் இருந்து அறிதற்பொருட்டு, கோயிலுக்கு வெளியே விளக்கக் கூடங்களும் அமைக்கப்பட்டிருக்கின்றன.

எனினும் இக்கோயில்கள் காட்சிப் பொருள்கள் மாத்திரம் அல்ல என்பதை மறத்தல் ஆகாது. மூன்றும் இன்றளவும் வழிபாடு நடைபெறும் கோயில்கள். சித்திரை 25இல் புனித மாற்கு திருநாளும், பின்னர்த் திருஇரத்தத் திருநாளும், ஆவணி 15இல் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் தீவு மக்களால் ஊர்வலத்தோடு கொண்டாடப்படுகின்றன. பழைய உடையணிந்த ஊர்க்காவற் படையினரும் இசைக் குழுவினரும் முன்செல்ல, திருப்பண்டப் பேழைகள் காய்கறித் தோட்டங்களிடையே எடுத்துச் செல்லப்படுகின்றன. 2001ஆம் ஆண்டில், இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னர், பெனெடிக்ற் சபைத் துறவிகள் சிலர் மீண்டும் தீவின் மேற்கு முனையில் வந்து குடியேறினர். 2024இல், பிர்மின் வந்திறங்கிய 1300ஆம் ஆண்டு நிறைவு விழாவாக நினைவுகூரப்பட்டது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இத்தீவு தரும் விடை எளியதன்று. ஒரு வரைபடத்தை அதன் பின்புறத்தில் எழுதிய கதை காத்தது. ஒரு கோயிலை வறுமை காத்தது. ஓர் ஓவியத்தை அதனை மறைத்த சுண்ணமே காத்தது. இவை யாவும் தற்செயலாய் நேர்ந்தவை; எவரும் எண்ணிச் செய்தவை அல்ல. ஆனால் மறைந்திருந்தது வெளிப்பட்டபின், அருமை அறியப்பட்டபின், தற்செயல் இனிக் காவாது. அறிந்தோரின் அடக்கம் ஒன்றே காக்கவல்லது. ஆண்டின் குளிர்ந்த மாதங்களிற் கதவு திறந்திருக்க, சிலர் ஓசையின்றி உள்ளே வந்து, புயலின் நடுவேயுள்ள படகைச் சற்று நேரம் நோக்கி, மீண்டும் கதவைச் சாத்திச் செல்கின்றனர். அவ்வாறு சாத்திச் செல்வதும் ஒரு திருப்பணியே.